இலவச வைத்தியசாலைக்கு எதற்குக் காசு? சிறுவர் விடுதிக்கான பண்டிகைக் காலச் சேகரிப்பு: ஒரு விளக்கம்

மாரி மழை தொடங்கும்போது மட்டக்களப்பில் காசு சேர்க்கும் காலமும் தொடங்கிவிடும். கரோல் பாடும் இளைஞர் குழுக்கள் உண்டியலோடு படலை படலையாக வருவார்கள். பழைய மாணவர் சங்கங்களும் லயன்ஸ், றோட்டரிக் கழகங்களும் 'சிறுவர் விடுதிக்கு உதவுவோம்' (அரச வைத்தியசாலையின் பிள்ளைகள் வார்டுக்கு) என்று பதாகை கட்டும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற ஊரவர்கள் வட்ஸ்அப் குழுக்களில் வங்கிக் கணக்கு இலக்கம் போடுவார்கள். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இதே வேலை வேறு பெயரில் நடக்கும். சித்திரை வருடப்பிறப்புக்கும் ஒரு சுற்று உண்டு.

இந்தச் சேகரிப்புகளோடு மூன்று சந்தேகங்களும் ஆண்டுதோறும் கூடவே வருகின்றன. அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு? அன்போடு கொண்டுபோன பொருளை விடுதியில் ஏன் வாங்க மறுக்கிறார்கள்? கொடுத்த காசு கடைசியில் யார் கைக்குப் போகிறது? மூன்றுக்கும் விடை உண்டு. ஆனால் முதற் கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் மற்ற இரண்டும் விளங்காது.

'இலவசம்' என்பதற்குள் என்ன வருகிறது

அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதற்கோ, விடுதியில் தங்குவதற்கோ, சத்திரசிகிச்சைக்கோ கட்டணம் இல்லை. மருந்தகத்தில் கையிருப்பில் உள்ள மருந்துக்கும் காசு கேட்கமாட்டார்கள். பிள்ளைக்கு நியூமோனியா வந்து ஒரு கிழமை விடுதியில் கிடந்து வீடு திரும்பும் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் போதும்.

நீண்டகால நோய் வந்த பிள்ளையின் வீட்டில் கணக்கு வேறு. செலவுகள் இப்படித்தான் ஏறும்:

1. பயணம். பிறவி இதயக் கோளாறு உள்ள பல பிள்ளைகளைக் கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டி வருகிறது. புற்றுநோய் என்றால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. மட்டக்களப்பிலிருந்து இரண்டும் 300 கிலோமீற்றருக்கு அப்பால். பஸ்ஸோ ரயிலோ, ஓர் இரவு அல்லது ஒரு பகல் போய்விடும்.

2. தங்குமிடம். பிள்ளையோடு விடுதிக்குள் பொதுவாகத் தாய்தான் நிற்கலாம். தகப்பன் வெளியே அறை எடுக்கவேண்டும், அல்லது வைத்தியசாலை மதிலோரம் படுக்கவேண்டும்.

3. இழந்த கூலி. கடலுக்குப் போகிறவர், வயல் வேலைக்குப் போகிறவர், மேசன் கையாள் ஆகியோருக்கு லீவுச் சம்பளம் கிடையாது. பிள்ளைக்கு நோய் என்றால் வருமானம் நிற்கும் நாளிலேயே செலவு தொடங்குகிறது.

4. வெளியே எழுதிக் கொடுக்கும் துண்டு. கையிருப்பில் இல்லாத மருந்து, பழுதாகிக் கிடக்கும் இயந்திரத்துக்குப் பதிலாகத் தனியாரிடம் எடுக்கும் ஸ்கேன், சில இரத்தப் பரிசோதனைகள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் வந்தபோது இந்தத் துண்டுகளின் பாரம் எல்லோருக்கும் தெரிந்தது.

5. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள். அம்மம்மா இருந்தால் தப்பினார்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு முழுச் சிகிச்சையும் முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், மருந்து இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் செலவு குடும்பத்தின் தலையில்தான். இடையில் சிகிச்சையைக் கைவிடும் பெற்றோரை 'அறியாமை' என்று ஏசுகிறவர்கள் பஸ் காசைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதோடு மொழிப் பிரச்சினையும் சேர்கிறது. வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ கொழும்புக்குப் போகும் தாய்க்குச் சிங்களம் தெரியாவிட்டால், எந்த வரிசையில் நிற்பது, எந்தத் தாளில் கையொப்பம் வைப்பது என்பதே ஒரு சுமை. இந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லாததால் எந்த நிதிப் பட்டியலிலும் அது வருவதில்லை.

வெளிநாட்டு மாதிரி இங்கே ஏன் உதைக்கிறது

புலம்பெயர்ந்த உறவுகள் நடத்தும் சேகரிப்புகளில் பல, அவர்கள் வாழும் நாட்டு வழக்கத்தைப் பார்த்து அமைந்தவை. அமெரிக்காவில் சிறுவர் வைத்தியசாலைகளுக்கு நத்தார் காலத்தில் பெருந்தொகை திரட்டுவது ஒரு பழைய பழக்கம். அங்கே சிகிச்சைக்கே கட்டணம் உண்டு. 1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் சிறுவர் வைத்தியசாலை, குடும்பங்களிடம் சிகிச்சைக் கட்டணம் வாங்குவதில்லை என்பதையே முன்வைத்து நிதி சேர்க்கிறது. அந்த நாட்டில் அது பெரிய விடயம். எங்களுக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஆகவே அங்கிருந்து எடுக்கவேண்டிய பாடம் வேறொன்று. 1974இல் பிலடெல்பியாவில் முதலாவது றொனால்ட் மக்டொனால்ட் இல்லம் தொடங்கப்பட்டது. வைத்தியசாலைக்குப் பக்கத்தில், தூர ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்குவதற்கு ஒரு வீடு. அவ்வளவுதான். மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்குப் பொரளையிலோ மஹரகமவிலோ அப்படி நம்பிக்கையான நாலு அறை இருந்தால், அது நூறு பரிசுப் பொதிகளைவிடப் பெறுமதி என்பது என் கணிப்பு. ஆனால் அறை வாடகையைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடமுடியாது. பொதியைப் போடலாம்.

கொடுக்கும் காசு போகும் வழிகள்

சிறுவர் விடுதிக்கு என்று கொடுக்கும் காசு நான்கு வழிகளில் ஒன்றாகப் போகும். எந்த வழி என்று கேட்காமல் கொடுப்பதால்தான் பின்னால் மனக்கசப்பு.

1. வைத்தியசாலை நிர்வாகம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் சிறிய பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. அம்பாறை ஒரே மாவட்டமானாலும் சுகாதாரத் துறையில் கல்முனை, அம்பாறை என்று இரண்டு பிராந்தியப் பணிப்பாளர் பணிமனைகள் உண்டு. கடிதத்தைப் பிழையான பணிமனைக்கு எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். நிர்வாகத்துக்கு நேரே கொடுக்கும் பொருள் அரச சொத்தாகிப் பதிவேட்டில் ஏறும், கணக்காய்வுக்கு உட்படும். மெதுவான வழி, ஆனால் தடம் இருக்கும்.

2. வைத்தியசாலை அபிவிருத்திக் குழு அல்லது நோயாளர் நலன்புரிச் சங்கம். ஊரவரும் ஊழியரும் சேர்ந்து நடத்துவது. விசிறி திருத்துவது, தண்ணீர்த் தாங்கி வைப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு மிக விரைவான வழி. கூட்டம் ஒழுங்காகக் கூடுகிறதா, ஆண்டுக் கணக்கறிக்கை வாசிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் இதன் தரம்.

3. பதிவுபெற்ற தொண்டு நிறுவனம். இலங்கையில் இவற்றுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டம் உண்டு. பதிவு இலக்கம் கேட்பது அவமதிப்பு இல்லை. ஒழுங்கான நிறுவனம் கேட்க முன்னரே காட்டும்.

4. தனியாள் கணக்கு. 'தம்பியின் கணக்குக்குப் போடுங்கள், நாங்கள் சேர்த்துக் கொடுப்போம்.' நேர்மையானவர்களும் இப்படிச் செய்கிறார்கள். மோசடிக்காரரும் இப்படியே செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதன் சிக்கல்.

இவற்றுக்குப் புறம்பாக, மக்கள் பெரிதும் மறந்துவிடும் ஒரு வழி ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இதய சத்திரசிகிச்சை உள்ளிட்ட பெரிய சிகிச்சைகளுக்கு, வருமானத்தைப் பார்த்து உதவி வழங்குகிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலையவேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். ஊரில் ஒரு பிள்ளைக்காக உண்டியல் ஏந்த முன்னர், இந்த விண்ணப்பம் போடப்பட்டதா என்று பார்ப்பதே முதல் வேலை. படிவம் நிரப்ப உதவுவதும் உதவிதான்.

விடுதி வாசலில் மறிக்கப்படும் பொருட்கள்

பால்மா டின். குழந்தைப் பால்மாவைக் கைக்குழந்தையின் தாய்க்கு அன்பளிப்பாகக் கொடுப்பதை 1981இல் உலக சுகாதார அமைப்பு கொண்டுவந்த சர்வதேச ஒழுங்கு விதி தடுக்கிறது. இலங்கைக்கும் அதைத் தழுவிய சொந்த விதிக்கோவை இருக்கிறது. காரணம் எளிது: இலவச டின் முடியும்போது தாய்ப்பால் வற்றியிருக்கும், அடுத்த டின்னுக்குக் காசு இராது. தாதி 'வேண்டாம்' என்றால் அது திமிர் இல்லை, விதி.

பஞ்சு பொம்மை. கழுவித் துடைக்கமுடியாத பொம்மையில் கிருமி தங்கும். புற்றுநோய் மருந்து ஏற்றும் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்; மற்றப் பிள்ளைக்கு வெறும் தடிமனாக முடிவது இவருக்கு உயிராபத்தாகலாம். துடைக்கக்கூடிய பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள், புதுப் பெட்டி உடைக்காத நிறப் பென்சில், வரையும் கொப்பி ஆகியவற்றுக்குத் தடை குறைவு.

சாப்பாடு. கேக்கும் பலகாரமும் கொண்டு போகிறவர்கள் யோசிக்காதது, சத்திரசிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும், உப்பு அளந்து கொடுக்கப்படும் சிறுநீரக நோயுள்ள பிள்ளையும், நீரிழிவுப் பிள்ளையும் அதே விடுதியில்தான் இருக்கிறார்கள் என்பதை. பக்கத்துக் கட்டிலுக்குப் பலகாரம் போனால் இந்தப் பிள்ளை அழும். தாய்மாருக்குச் சாப்பாட்டுப் பொதி கொடுப்பது வேறு. அதைப் பெரும்பாலும் வரவேற்பார்கள்.

மருந்து. வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் கொண்டுவரும் மருந்தை விடுதியில் கொடுக்கவே கூடாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அன்பளிப்பு மருந்து நாட்டுக்குள் வரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மிச்சம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் நாடு நாடாக வந்து குவிந்த உதவியைக் கண்ட கரை இது. பெயர் வாசிக்கமுடியாத மொழியில் ஒட்டுத்தாள் கொண்ட மருந்துப் பெட்டி எவருக்கும் உதவாது.

ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோய் வாசலில் நிற்பதைவிட, இரண்டு கிழமைக்கு முன்னரே விடுதிப் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தரிடம் தேவைப் பட்டியல் கேட்பது நல்லது. பட்டியல் பெரும்பாலும் அழகாக இராது. பம்பர்ஸ், சவர்க்காரம், படுக்கை விரிப்பு, சுவர் மணிக்கூடு என்று இருக்கும். அதுதான் உண்மைத் தேவை.

இயந்திரம் வாங்கிக் கொடுப்பது

பெரிய தொகை சேர்ந்ததும் எல்லாரும் நினைப்பது இயந்திரம். பெயர்ப் பலகை ஒட்டலாம், கையளிப்பு விழா வைக்கலாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் உலகெங்கும் கண்ட அனுபவம் கசப்பானது. ஏழை நாடுகள் சிலவற்றுக்கு அன்பளிப்பாகப் போன மருத்துவ இயந்திரங்களில் 10 முதல் 30 வீதம் மட்டுமே உண்மையில் இயங்கத் தொடங்கியதாக உலக சுகாதார அமைப்பே மேற்கோள் காட்டியிருக்கிறது. மிச்சம் மூலையில் தூசி குடித்தன. ஏன் என்றால்:

1. மின்சாரம். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்கே பாவித்த இயந்திரத்தைக் கொள்கலனில் போட்டு அனுப்பினால், மின்மாற்றி வைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. சில இயந்திரங்கள் இரண்டையும் தாங்கும், சில தாங்கா. பின்பக்கத்து ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. நுகர்பொருள். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுக்கு உதவும் இயந்திரத்துக்குப் பொருத்தமான அளவில் மூக்குக் குழாய்களும் இணைப்புக் குழாய்களும் தொடர்ந்து வேண்டும். இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் கருவிக்குக் குழந்தை அளவு உணர்கருவி வேண்டும். அவை அடிக்கடி பழுதாகும். இயந்திரம் ஒரு கம்பனி, உதிரிப்பாகம் இன்னொரு கம்பனி என்றால் பொருந்தாது. விடுதியில் ஏற்கெனவே இருக்கிற கம்பனி வகையையே வாங்குவது புத்திசாலித்தனம், புதிய வகை எவ்வளவு மலிவாக வந்தாலும்.

3. பராமரிப்பு. கொழும்பிலிருந்து தொழில்நுட்பவியலாளர் ஒருவர் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வந்து போகும் செலவை யார் கொடுப்பது? உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு? பிறகு? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் கொடுக்கும் இயந்திரம், வைத்தியசாலைக்குக் கொடுக்கும் கடன்.

4. சம்மதம். வைத்திய நிபுணர் வாயால் கேட்டார் என்பது போதாது. அவருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்தவர் அதைப் பாவிப்பார் என்று சொல்லமுடியாது. பணிப்பாளரின் எழுத்துமூலக் கோரிக்கை, மாதிரி இலக்கத்தோடு, கையில் இருக்கவேண்டும்.

இதனால் பொதுமக்கள் காசில் பெரிய காரியம் நடக்காது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 2011இல் தென்கோடித் தேவேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சீமாட்டி றிட்ஜ்வேயில் சிறுவர் இதய சத்திரசிகிச்சைக்கான கட்டடத்துக்கு 200 கோடி ரூபாவை இலக்காக வைத்து 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் இலங்கைச் சிறுவர் நோய் வைத்திய நிபுணர்களின் கல்லூரி இறங்கியது. இரண்டிலும் என்ன கட்டப்போகிறோம் என்பது முதலில் முடிவாகி, அதன்பின்தான் காசு கேட்கப்பட்டது. எங்கள் பக்கத்துச் சேகரிப்புகளில் பெரும்பாலும் முறை தலைகீழ்: காசு சேரும், பிறகு 'என்ன வாங்கலாம்?' என்று கூட்டம் கூடும்.

சின்னக் கணக்கொன்று. கையில் மூன்று இலட்சம் ரூபா சேர்ந்திருக்கிறது என்று வைப்போம். தாயும் பிள்ளையும் ஒருமுறை மஹரகம போய்வர, சாப்பாடும் சேர்த்து 10,000 ரூபா என்று எடுத்தால், அது முப்பது பயணம். மாதம் ஒருமுறை போகும் பிள்ளைக்கு இரண்டரை ஆண்டு. கிட்டத்தட்ட ஒரு பிள்ளையின் முழுச் சிகிச்சைக் காலம்.

ஸகாத்தா, ஸதகாவா

நோன்பு மாதச் சேகரிப்பில் மட்டும் வரும் ஒரு நுணுக்கம் இது. ஸகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம்கள் தம் சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்கவேண்டிய கடமை; குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்கே போய்ச் சேரவேண்டும். ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவு இதற்குள் தெளிவாக அடங்கும். வைத்தியசாலைக்குக் கட்டிலோ இயந்திரமோ வாங்க ஸகாத் காசைப் பாவிக்கலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. உரியவரின் கையில் உடைமையாகச் சேரவேண்டும் என்பது பலரது நிலைப்பாடு. விரும்பிக் கொடுக்கும் தர்மமான ஸதகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டுவிட்டுப் பிறகு பிரிக்க முயல்வதைவிட, தொடக்கத்திலேயே இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகம் வைப்பது இலகு.

டிசம்பரில் குவிவதும் மாசியில் இல்லாததும்

வடகீழ்ப் பருவமழையோடு மட்டக்களப்பில் டெங்கு ஏறும் காலம் பொதுவாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. சிறுவர் விடுதி நிரம்பி வழியும் அந்த நாட்களில் நத்தார் தாத்தா வந்துபோய்விட்டார், பொங்கலும் முடிந்திருக்கும். பரிசுப் பொதிகள் ஒரே கிழமையில் இரண்டு மூன்று குழுக்களிடமிருந்து வந்து, அடுத்த பத்து மாதம் ஒன்றும் வராமல் போவதை விடுதி ஊழியர்கள் நன்றாக அறிவார்கள்.

காசுக்கு இதற்கு வழி உண்டு. பன்னிரண்டாகப் பிரித்து மாதம் மாதம் விடலாம். இரத்தத்துக்கு அந்த வழி இல்லை. செங்குருதிக் கலங்களை ஐந்து, ஆறு கிழமைக்கு மேல் வைத்திருக்கமுடியாது. குருதிச் சிறுதட்டுகளுக்கு ஆயுள் ஐந்து நாள்தான். தலசீமியா என்ற பிறவி இரத்த நோய் உள்ள பிள்ளைக்குச் சில கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே ஆகவேண்டும், பண்டிகை என்று அது நிற்காது. இலங்கையில் 2014 முதல் இரத்தம் முழுக்கத் தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே பெறப்படுகிறது. ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கழகம் ஒன்று நத்தாருக்கு ஒரே பெரிய முகாம் வைப்பதைவிட, உறுப்பினரை மூன்றாகப் பிரித்து ஆண்டு முழுதும் வைத்தால் இரத்த வங்கி வாழ்த்தும். இரத்தம் கொடுக்கக் காசும் தேவையில்லை, பதாகையும் தேவையில்லை.

ஒரு பிள்ளையின் பெயரில் கேட்கும்போது

மொட்டைத் தலையோடு கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் படம் போட்டால் காசு வேகமாகச் சேரும். சேரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளை சுகமாகிப் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் படம் இணையத்தில் இருக்கும். அரச வைத்தியசாலை விடுதிக்குள் படம் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பெற்றோரின் சம்மதமும் தனியாக வேண்டும். காசு தேவைப்படும் நேரத்தில் கேட்கப்படும் சம்மதம் எவ்வளவுக்குச் சம்மதம் என்பது இன்னொரு கேள்வி. முகம் காட்டாமலே வைத்தியரின் கடிதம், சிகிச்சைத் திகதி, தேவையான தொகை ஆகியவற்றோடு கேட்கலாம். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகவோ காட்சிப்பொருளாக்கப்படுவதாகவோ தோன்றினால் 1998இல் சட்டம் மூலம் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பகிரப்படும் வேண்டுகோள் உண்மையானதா என்று பார்க்க, கிளினிக் கொப்பியின் படத்தை மட்டும் நம்பக்கூடாது. பழைய படத்தில் கணக்கு இலக்கத்தை மாற்றிப் பகிர்வது எவருக்கும் கைவந்த வேலை. கிராம உத்தியோகத்தரிடமோ குறித்த விடுதியிலோ ஒரு விசாரிப்பு. அவ்வளவே வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் எல்லாரும் பேச மறுக்கும் ஒரு விடயம் எஞ்சுகிறது: மிஞ்சும் காசு. பத்து இலட்சம் கேட்டு இருபது இலட்சம் சேரும். அல்லது திகதி வருமுன்னரே பிள்ளை இறந்துவிடும். அந்தப் பணம் யாருடையது? கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைக்கென்று கொடுத்தார்கள்; குடும்பம் தங்களுடையது என்று நினைக்கும்; சேர்த்தவர்கள் அடுத்த பிள்ளைக்கு என்பார்கள். துக்க வீட்டு முற்றத்தில் நின்று இதைத் தீர்மானிக்கமுடியாது. அதனால் முதல் வேண்டுகோளிலேயே இரண்டு வரி சேர்க்கவேண்டும்: இலக்குத் தொகை சேர்ந்ததும் கணக்கு மூடப்படும், மிஞ்சுவதில் இவ்வளவு குடும்பத்துக்கு, மீதி இன்ன விடுதியின் பயண உதவிக்கு. கணக்கில் இருவர் கையொப்பம், அதில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியாள். மூடிய நாளன்று வங்கிக் கூற்றின் படம் அதே வட்ஸ்அப் குழுவில்.